கத்தரி போட்ட பாட்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்துவிட்டது, பேத்தி கிடார் கற்கத் தொடங்கிவிட்டாள் என்ற நல்ல செய்திகளை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மீதிக் கடிதம் முழுக்க அந்தக் கார் விளம்பரத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். விடுதி அறையில் ரெக்கார்டு தேயத் தேய நாம் கேட்ட பாட்டை அரை நிமிடத்துக்கு நறுக்கி, யாரோ ஒருவன் வண்டியோட்டுவதற்குப் பின்னணியாக்கிவிட்டார்கள் என்பது உன் ஆத்திரம்.

இங்கே எல்லாரும் நலம். எனக்கு இடது காதில் மேல்சுருதி ஒலிகள் சரியாக விழுவதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டிரம்ஸில் சிம்பல் மங்கிவிட்டது. பேஸ் கிடார் மட்டும் முன்பைவிடத் துலக்கமாகக் கேட்கிறது. பீட்டில்ஸ் இசைக்குழுவில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னி என்ன வாசித்திருக்கிறார் என்பது இப்போதுதான் முழுதாகப் புரிகிறது!

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். "விற்றுவிட்டார்கள்" என்கிறாய். யார் விற்றது என்று பார்த்தாயா? ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: எழுதி மெட்டமைத்ததற்கான உரிமை ஒன்று, ஒலிப்பதிவுக்கான உரிமை இன்னொன்று. இரண்டும் பாடியவர் கையில் இல்லாத கதைதான் அதிகம். 1987-இல் நைக்கி காலணிக்கு பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' பாட்டைப் போட்டார்கள். எழுதியதற்கான உரிமையை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே 4.75 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஏ.டி.வி. என்ற பாட்டு உரிமைத் தொகுப்போடு மைக்கேல் ஜாக்சன் வைத்திருந்தார். பதிவுக்கு அனுமதி கொடுத்தது ரெக்கார்டு கம்பெனி. பீட்டில்ஸின் சொந்த நிறுவனமே வழக்குத் தொடுத்தது. பிறகு சமரசமாக முடிந்தது.

என் கோபம் பணத்தின் மீது இல்லை, கத்தரியின் மீது. அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டியின் 'ஃபார்ச்சுனேட் சன்' பாட்டை எடுத்துக்கொள். 1969, வியட்நாம் போர்க்காலம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் போருக்குப் போகாமல் தப்பிவிடுகிறார்கள், ஏழை வீட்டுப் பையன்தான் சாகப்போகிறான் என்று தொண்டை கிழியப் பாடிய பாட்டு. முதல் இரண்டு அடியில் கொடி வருகிறது. அதை ஆட்டுவதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள் என்கிறார். நான்காவது அடியில் அதே கூட்டம் பீரங்கியை உன் பக்கம் திருப்புகிறது. ராங்ளர் ஜீன்ஸ் விளம்பரத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கொடியோடு நிறுத்திவிட்டார்கள். பீரங்கி வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் வெட்டு. கேட்பவனுக்கு அது சுத்தமான தேசபக்திப் பாட்டு! எழுதியவர், பாடியவர் என்ற பெயரெல்லாம் ஃபோகர்ட்டிக்குத்தான், உரிமை மட்டும் அப்போது அவரிடம் இல்லை. வெளிப்படையாகக் கண்டிக்கத்தான் முடிந்தது.

பொய் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை பார், சரியான இடத்தில் நிறுத்தினால் போதும். வெட்டியவன் பாட்டை நன்றாகவே புரிந்துகொண்டவன் என்பதுதான் எனக்கு எரிச்சல். புரியாதவன் நாலு அடி கூடுதலாக ஓடவிட்டிருப்பான்.

அமெரிக்கப் பாடகி ஜேனிஸ் ஜோப்ளின் விஷயம் இதைவிட விசித்திரம். 1970 அக்டோபர் 1-ஆம் தேதி 'மெர்சிடிஸ் பென்ஸ்' பாடிப் பதிவு செய்கிறார். வாத்தியம் எதுவும் இல்லை. ஏதோ பெரிய சமுதாயப் பிரச்சினையைப் பாடப்போவதாகப் பாவனையோடு அறிவித்துவிட்டு, நண்பர்களெல்லாம் போர்ஷே ஓட்டுகிறார்கள், எனக்கு ஒரு பென்ஸ் கொடு என்று கடவுளிடம் கேட்கிறார். (அவரிடமே வர்ணம் பூசிய போர்ஷே ஒன்று இருந்தது என்பது வேறு விஷயம்.) பாடி முடித்ததும் ஒரு சிரிப்பு. மூன்று நாளில் இறந்துவிட்டார், வயது 27. கால் நூற்றாண்டு கழித்து, 1995-இல், பென்ஸ் கம்பெனியே அதைத் தன் விளம்பரத்தில் போட்டுக்கொண்டது. கேலி செய்தவரின் குரலையே கேலிக்குள்ளானவன் பாராட்டுப் பத்திரமாக மாட்டிக்கொண்டால், அப்புறம் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

அனுமதி கிடைக்காவிட்டால் குரலையே நகலெடுப்பார்கள். பாடகி பெட் மிட்லர் மறுத்ததும், அவரிடம் முன்பு பின்னணி பாடியவரை அவரைப் போலவே பாடவைத்தது ஃபோர்டின் விளம்பர நிறுவனம். பாடகர் டாம் வெயிட்ஸுக்கும் இதே கதி, டோரிட்டோஸ் சிப்ஸ் விளம்பரத்தில். அதில் வேடிக்கை, அவர்கள் மாதிரியாக எடுத்துக்கொண்ட பாட்டே விளம்பரக்காரர்களை நையாண்டி செய்தது. இருவரும் வழக்கில் வென்றார்கள். வெயிட்ஸுக்குச் சுமார் 25 லட்சம் டாலர் கிடைத்தது. இந்தச் செய்தியை எப்போது படித்தாலும் மனம் குளிர்கிறது.

ஆனால் உன் கட்சியில் முழுதாகச் சேரவும் முடியவில்லை. உன் கல்யாணத்தில் ஒலித்த கார்பென்டர்ஸ் குழுவின் பாட்டு, 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்', நினைவிருக்கிறதா? அது ஒரு வங்கி விளம்பரத்துக்காகப் பிறந்தது. கலிஃபோர்னியாவின் கிராக்கர் வங்கி இளம் தம்பதிகளைக் கணக்குத் தொடங்க இழுப்பதற்காக ரோஜர் நிக்கல்ஸும் பால் வில்லியம்ஸும் எழுதினார்கள். ரிச்சர்ட் கார்பென்டர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு முழுப் பாட்டும் இருக்கிறதா என்று கேட்டார். மீதி எழுதப்பட்டிருந்தது, அவர் தங்கை கேரன் பாடினார். அங்கே கத்தரி இல்லை, துணிதான் நீண்டது. இதைச் சொன்னதற்காக உன் மனைவி என்மீது கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கையும் மறக்க முடியவில்லை. 26 வயதில், 1974-இல், அதிகம் பேர் அறியாமலே இறந்தவர். 1999-இல் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் அவருடைய 'பிங்க் மூன்' பாட்டு வந்தது. திறந்த காரில் நாலு பேர் இரவில் போகிறார்கள், பேச்சில்லை. விருந்து வீட்டை அடைகிறார்கள், உள்ளே கூச்சல். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இறங்காமலே திரும்பிப் போய்விடுகிறார்கள். அவ்வளவுதான். அந்தப் பாட்டின் தனிமைக்கு அந்தப் படம் எந்தத் துரோகமும் செய்யவில்லை. அதன்பிறகுதான் அவர் ரெக்கார்டுகள் விற்கவே தொடங்கின என்று சொல்லலாம்.

ஆகவே கார் விளம்பரம் என்பதற்காகவே திட்டாதே. உன் பாட்டை எந்த அடியில் வெட்டியிருக்கிறார்கள் என்று கவனித்து எழுது. வெட்டிய இடம் தெரிந்தால் நானும் உன்னோடு சேர்ந்து திட்டுகிறேன்.

இன்னொன்று. பழைய ரெக்கார்டுகளை எல்லாம் யாரிடமாவது தள்ளிவிடப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். முன்பின் தெரியாதவனிடம் கொடுக்காதே. பேத்திக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல். மிச்சத்துக்கு விலையைச் சொல், நான் வாங்கிக்கொள்கிறேன். ஜோப்ளின் ரெக்கார்டில் உன் காப்பிக் கறை இருக்கிறது, அதற்குத் தள்ளுபடி வேண்டும்.

அன்புடன்,
ராகவன்