டர்பன் அக்காவுக்கு

கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர். வீட்டில் அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் கப்பலேறிப் போன இடம், எங்கே போய்த் தேடுவது? ஒரு ராத்திரி ஃபேஸ்புக்கில் ஆற்றாமையாக நாலு வரி போட்டேன்.

விடிந்தால் உங்கள் மெசேஜ். "எந்தத் தாலுகா?"

அன்றைக்குப் பேர் பதிந்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், 'மூன்சாமி' என்று தேட வேண்டும் என்றீர்கள். எனக்கு அது தோன்றியிருக்காது. நான் கேட்கவே இல்லை, நீங்களே லீவு போட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கிறீர்கள். பதினோராம் நாள் கப்பல் பட்டியலின் படம் வந்தது. எண், தகப்பன் பெயர், வயது 22, வட ஆற்காடு ஜில்லா, கடைசிக் கட்டத்தில் 'இடது புருவத்தில் தழும்பு'. அப்பா அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மாடு முட்டிய தழும்பு என்று அவர் பாட்டி சொல்வாராம்.

செலவுக்குப் பணம் அனுப்பவா என்றதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். இப்போது உங்கள் கணக்கையே காணோம். டர்பன் பக்கம் யாராவது பார்த்தால் இதை அவரிடம் காட்டுங்கள்.

அக்கா, உங்கள் கொள்ளுப்பாட்டி ஊரைத் தேடுவதாகச் சொன்னீர்களே, கிடைத்ததா? பேரை மட்டும் அனுப்புங்கள். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.