செகண்ட் வயலின் கடைசி ஸ்டாண்டில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கல்லூரி ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்துவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்து அத்தனை சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியிலேயே "ஆனா செகண்ட் வயலின்தான் அக்கா, அதுவும் கடைசி ஸ்டாண்ட்" என்று எழுதியிருந்தாய். ஃபர்ஸ்ட் வயலின் பெரும்பாலும் மெட்டை வாசிக்க, அதற்குத் துணையாக வாசிக்கும் பிரிவு; அதிலும் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் இசைத்தாள் ஸ்டாண்டுகளில் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது. அந்த "ஆனா" உறுத்திக்கொண்டே இருக்கிறது. கல்லூரியில் நான் வாசித்ததெல்லாம் செகண்ட் வயலின்தான். இன்னொரு முறை வாய்ப்பு வந்தாலும் அதே நாற்காலியைத்தான் கேட்டு வாங்குவேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் எடுத்திருக்கும் சிம்பொனிக்கே வருகிறேன். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது. 'பதெடிக்' என்று எல்லோரும் சொல்வது. 1893 அக்டோபரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவரே நின்று நடத்தினார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அதன் கடைசிப் பகுதியின் தொடக்கத்தை உன் பார்ட்டை, அதாவது உங்கள் பிரிவுக்கான இசைத்தாளை, வைத்துத் தனியாக வாசித்துப் பார்த்திருப்பாய். ஒன்றும் விளங்கியிருக்காது. மேலே ஒரு ஸ்வரம், கீழே ஒரு ஸ்வரம் என்று தாவிக்கொண்டே போகும். ஃபர்ஸ்ட் வயலின்காரர்களிடம் கேள், அவர்கள் பார்ட்டும் அப்படித்தான் இருக்கும். இரண்டு பிரிவும் சேர்ந்து வாசித்தால் மட்டும் நெஞ்சை அறுக்கும் ஒரு மெட்டு படிப்படியாக இறங்கி வரும். அந்த மெட்டின் ஸ்வரங்களை ஒன்று விட்டு ஒன்றாக இரு பிரிவுக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். கேட்பவர் காதில் விழும் அந்த மெட்டை மேடையில் யாருமே முழுதாக வாசிப்பதில்லை.

இதே மெட்டு பின்னால் திரும்பி வரும்போது முழுசாக ஃபர்ஸ்ட் வயலினுக்கே எழுதியிருக்கிறார். அப்படியானால் முதல் தடவை வேண்டுமென்றுதான் பிரித்திருக்கிறார். காரணம் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். வாசித்தவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தாவிப் போக வேண்டியிருப்பதால், நேராக இறங்கும் மெட்டில் வராத ஒரு தவிப்பு இதில் வந்துவிடுகிறது. ஃபர்ஸ்ட் வயலினில் உனக்குப் பழக்கமான யாரையாவது பிடி. ரிஹர்சலுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த முதல் வரியை மட்டும் மிக மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஒரே அளவு வில், ஒரே அழுத்தம். ஒருவர் கை கொஞ்சம் ஓங்கினாலும் மெட்டு நொண்டும். சரியாக அமைந்தால் உன் ஸ்வரம் எது, அவர் ஸ்வரம் எது என்று உனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு வரிக்காகவே நீ அந்த நாற்காலியில் உட்காரலாம் என்பேன்.

எல்லா இசையும் இப்படி எழுதப்படுவதில்லைதான். பல பக்கங்களில் நமக்கு வருவது வில்லை வேகமாக நடுக்கி வாசிக்கும் ட்ரெமோலோவும், பீட்டுக்கு நடுவே விழும் ஸ்வரங்களும், கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) உள்ஸ்வரங்களும்தான். அவற்றை அலட்சியமாக வாசிக்காதே. மெட்டு மேலே போகிறது, பேஸ் கீழே தாங்குகிறது. அந்தக் கார்ட் பிரகாசமாக ஒலிக்கும் மேஜரா, சோகம் கலந்து ஒலிக்கும் மைனரா என்று முடிவு செய்யும் நடு ஸ்வரம் பல இடங்களில் நம்மிடமோ வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவிடமோதான் இருக்கும். மேஜர் கார்டில் அந்த ஸ்வரத்தை பியானோவில் இருப்பதைவிட மயிரிழை கீழே பிடித்தால்தான் கார்ட் அமர்ந்து ஒலிக்கும். டியூனர் செயலி பச்சை காட்டுகிறதே என்று நின்றுவிடாதே, பக்கத்தில் இருப்பவர்களைக் கேள். வீட்டில் தனியாக எத்தனை மணி நேரம் சாதகம் செய்தாலும் இந்தக் காது வராது. கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தால்தான் வரும்.

கடைசி ஸ்டாண்ட் விஷயத்துக்கு வருகிறேன். அது கஷ்டமான இடம் என்பது உண்மை, ஆனால் நீ நினைக்கும் காரணத்தால் அல்ல. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. முதல் ஸ்டாண்டிலிருந்து நீ 10 மீட்டர் தள்ளி இருந்தால் அவர்கள் ஸ்வரம் உன் காதுக்கு வர நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். அதைக் கேட்டபிறகு நீ வில்லை அசைத்தால் உன் ஸ்வரம் இன்னும் பிந்தும். எதிரே கேட்பவருக்கு உங்கள் பிரிவே இழுபடுவதுபோல் இருக்கும். அதனால் பின்னால் இருப்பவர்கள் காதை நம்பி நுழையக்கூடாது. கண்டக்டரின் கையையும் உங்கள் பிரிவுத் தலைவரின் வில்லையும் பார்த்து நுழைய வேண்டும். சுருதிக்குக் காது, நேரத்துக்குக் கண். முதல் ஸ்டாண்டில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. கடைசி ஸ்டாண்டில் துணிந்து, நேரத்தோடு நுழையும் ஆட்கள் இருக்கும் பிரிவின் சத்தமே வேறு. நல்ல கண்டக்டர்கள் கடைசி ஸ்டாண்டைப் பார்த்துத்தான் ஒரு பிரிவை எடைபோடுவார்கள் என்பது என் அனுபவம்.

சின்ன விஷயங்கள் சிலவும் உண்டு. ஸ்டாண்டில் உள்பக்கம் உட்கார்ந்திருந்தால் பக்கம் புரட்டுவது உன் வேலை. முன்கூட்டியே மேல் மூலையை லேசாக மடித்து வை, விரலில் சட்டென்று அகப்படும். கடைசி ஒன்றிரண்டு பாரை (தாளச் சுற்றை) விட்டுவிட்டுப் புரட்டு; வெளிப்பக்கம் இருப்பவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பக்கம் எப்போது வேண்டும் என்பது ஒன்றிரண்டு ரிஹர்சலில் உனக்குப் பிடிபட்டுவிடும். சிலர் கடைசி வரியிலேயே அடுத்த பக்கத்தைத் தேடுவார்கள், சிலர் கடைசி ஸ்வரம் வரை விடமாட்டார்கள். வில்லை எந்தப் பக்கம் இழுப்பது என்று சொல்லும் வில் குறிகள் முன்னாலிருந்து கைமாறி வரும். உடனே எழுதிக்கொள், பென்சிலில் மட்டும். பேனாவோடு பார்ட் பக்கமே போகாதே, உனக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் அந்தத் தாளைப் பார்த்து வாசிக்கப் போகிறார்கள்.

மறுபடி சிம்பொனிக்கு வருகிறேன். அதன் இரண்டாம் பகுதி ஐந்து பீட் தாளம். இரண்டு, மூன்று என்று பிரித்து எண்ணினால் கால் தடுக்காது. அணிவகுப்பு நடையில் போகும் மூன்றாம் பகுதியில், பீட்டுக்கு மூன்று ஸ்வரமாக வரும் வேகமான மும்மைகள் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்துகொண்டே இருக்கும். அங்கே நீ வாங்குவதையும் கொடுப்பதையும் கவனி, வேகத்துக்குப் பின்னால் ஓடாதே. அந்த மார்ச் முடிகிற விதத்தைக் கேட்டு சிம்பொனியே முடிந்துவிட்டது என்று அரங்கம் கைதட்டிவிடுவது அடிக்கடி நடப்பது. வில்லை இறக்காமல் இரு. மெட்டைப் பங்கு போடும் அந்த வரி உடனே வரப்போகிறது.

ஓய்வு பார்களை எண்ணுவதையும் வாசிப்பாகவே எடுத்துக்கொள். டாம்டாம் என்கிற பெரிய உலோகத் தட்டைப் பின்னால் பார்ப்பாய். இந்தச் சிம்பொனி முழுவதிலும் அதற்கு ஒரே ஒரு தட்டல், கடைசிப் பகுதியில், அதுவும் மெதுவாக. முக்கால் மணி நேரம் ஓடும் இசையில் அதை அடிக்கும் மாணவர் காத்திருப்பது அதற்காக மட்டும். ரிஹர்சலில் அவரை ஒருமுறை திரும்பிப் பார். அந்த அடி சரியான இடத்தில், சரியான அளவில் விழ அவர் எவ்வளவு முன்னாலிருந்தே மூச்சைப் பிடித்துத் தயாராகிறார் என்று தெரியும். அவரைப் பார்த்தபிறகு எட்டு பார் ஓய்வு உனக்கு நீளமாகத் தெரியாது.

இன்னொன்று. செக் இசையமைப்பாளர் டிவோர்ஜாக் இளவயதில் ப்ராக் நகரத்தின் நாடக அரங்க ஆர்கெஸ்ட்ராவில் பல வருஷம் வியோலா வாசித்தவர். நடுக்குரலில் உட்கார்ந்து மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தவர். அவர் சிம்பொனிகளில் செகண்ட் வயலின் பார்ட்டையும் வியோலா பார்ட்டையும் எடுத்துப் பார், உள்ளே உட்கார்ந்து வாசித்த ஒருவர் எழுதியது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். உங்கள் ஆர்கெஸ்ட்ரா எப்போதாவது அவருடைய எட்டாவதை எடுத்தால் எனக்குக் கட்டாயம் சொல்.

உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. சைக்கோவ்ஸ்கி காலத்தில் பல ஆர்கெஸ்ட்ராக்களில் ஃபர்ஸ்ட் வயலின் ஒரு பக்கமும் செகண்ட் வயலின் அதற்கு எதிர்ப்பக்கமும் உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்தால் அந்த மெட்டு மேடையில் இடமும் வலமுமாக மாறி மாறி வரும். இப்போது பெரும்பாலும் இரு பிரிவும் பக்கத்தில் பக்கத்தில்தான். உங்கள் கண்டக்டர் உங்களை எங்கே வைத்திருக்கிறார்? எதிரெதிரே என்றால் எனக்கு அரங்கத்தின் நடுவில் டிக்கெட் எடு. பக்கத்தில் பக்கத்தில் என்றால் உன் ஸ்டாண்ட் தெரிகிற பக்கமாக எடு.

அன்புடன்,
அக்கா