பொங்கல் விழாவுக்கு வண்டி வேண்டும், ஆள் வேண்டாமா?

நியூ ஜெர்சித் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். விழா நாளில் மண்டப வாசலில் தீயணைப்பு வண்டியை நிறுத்தி, குழந்தைகளை ஏற்றிவிட்டுப் படம் எடுப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வண்டியை ஓட்டி வந்தவர் யார் என்று நாம் கேட்டதுண்டா? இம்மாநிலச் சிற்றூர்கள் பலவற்றில் அவர் சம்பளம் வாங்குபவர் அல்லர். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, பேஜர் அலறியதும் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடுகிறவர். மிளகாய் தாளித்த புகைக்கு நம் வீட்டு அலாரம் கத்தியபோது, கனத்த பூட்ஸோடு சமையலறைக்குள் வந்து, வெப்பம் காட்டும் கேமராவைச் சுவரோரம் நகர்த்திப் பார்த்து, "பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனவரும் அவரே.

இந்த ஏற்பாடு நம் பக்கத்து ஊரான பிலடெல்பியாவில் வேரூன்றியது. 1736 டிசம்பர் 7 அன்று பெஞ்சமின் பிராங்கிளினும் நண்பர்களும் யூனியன் ஃபயர் கம்பெனி என்ற தன்னார்வத் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். முப்பது பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் தோல் வாளிகளும் முரட்டுத் துணிப்பைகளும் வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீருக்கு, பை, எரியும் வீட்டின் பண்டபாத்திரங்களை அள்ளிக் கட்டிக் காப்பாற்ற. மாதக் கூட்டத்துக்கு வராதவர்கள் கட்டிய அபராதம்தான் தீயணைப்பு வண்டிக்கும் ஏணிக்கும் கொக்கிக்கும் போனது. நம் பொதுக்குழுவில் அப்படி அபராதம் போட்டால் இரண்டு வண்டியே வாங்கிவிடலாம்.

அன்றைய வண்டி என்பது சக்கரம் வைத்த தொட்டியும் கைப்பம்பும்தான். லண்டனில் நியூஷாம் என்பவர் செய்த வண்டிகள் இரண்டை 1731இல் நியூயார்க் வரவழைத்தது. இருபுறமும் ஆட்கள் நின்று கைப்பிடியை ஏற்றி இறக்க, மேலே சிலர் ஏற்றம் மிதிப்பதைப் போல் மிதிப்பார்கள். தொட்டியை நிரப்ப வாளிகள் கைமாறி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

தன்னார்வலர்கள் எல்லாரும் உத்தமர்களாக இருந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருநகரக் குழுக்கள், தெருக்குழாயை யார் முதலில் பிடிப்பது என்று எரியும் தீயின் எதிரிலேயே கைகலந்தன. 1853இல் சின்சினாட்டி நீராவிப் பம்போடு சம்பளப் படைக்கு மாறியது; 1871இல் பிலடெல்பியாவும் மாறியது. சிற்றூர்களிடம் அதற்குக் காசு ஏது? அங்கே ஊர்க்காரர்களே தொடர்ந்தார்கள்.

பிறகு மோட்டார் வண்டிகள் வந்தன. அணிவகுப்புகளில் ஆரன்ஸ்-ஃபாக்ஸ் நிறுவனத்தின் பழைய வண்டியைப் பார்த்தால் அதன் முகப்பில் பளபளக்கும் உலோக உருண்டையைக் கவனியுங்கள். அலங்காரம் போலத் தோன்றும் அது உண்மையில் காற்றறை. பம்பின் துடிப்பைத் தணித்துத் தண்ணீரைச் சீராகப் பாயச் செய்வது. எல்லா வண்டியும் ஏன் சிவப்பாக இல்லை என்று பிள்ளைகள் கேட்டால் ஸ்டீபன் சாலமனைப் பற்றிச் சொல்லுங்கள். நம் மாநில எல்லையிலுள்ள போர்ட் ஜெர்விஸ் ஊரில் கண் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித்தரும் ஆப்டோமெட்ரிஸ்ட் அவர், தாமும் தீயணைப்பாளர். இருட்டில் சிவப்பு எடுபடாது என்று எலுமிச்சை மஞ்சளுக்காக வாதாடினார்.

இன்று ஒரு புதிய பம்பு வண்டியின் விலை பத்து லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. பான்கேக் விருந்து நடத்தித் திரட்டும் பணம் எந்த மூலைக்கு? ஆள் பஞ்சம் அதைவிடப் பெரிது. நாடு முழுவதும் 1984இல் 8,97,750 ஆக இருந்த தன்னார்வத் தீயணைப்பாளர்கள் 2020இல் 6,76,900 ஆகக் குறைந்துவிட்டார்கள். இந்தக் காலத்தில்தான் நாம் இந்த ஊர்களில் வீடு வாங்கிக் குடியேறினோம். வரி கட்டுகிறோமே என்பது பதிலாகாது. வரிப்பணம் வண்டியில் ஏறி வந்து குழாயைப் பிடிப்பதில்லை.

நான் கேட்பது இதுதான். விழாவுக்கு வரும் தீயணைப்புக் குழுவினருக்கு மேடையில் பத்து நிமிடம் கொடுங்கள். அவர்கள் புதியவர்களைச் சேர்க்கும் படிவத்தை நம் வரவேற்பு மேசையில் வையுங்கள். எல்லாரும் தீக்குள் நுழைய வேண்டியதில்லை. கணக்கு எழுதவும் கூட்டாட்சி மானியத்துக்கு விண்ணப்பம் தயாரிக்கவும் அவர்களுக்கு ஆள் வேண்டும். படிவம் நிரப்புவதில் நம்மவர்களை மிஞ்ச யார்? பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதத்தோடு இளையோர் பிரிவில் சேர்க்கும் குழுக்களும் உண்டு. அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்து, முடிவைச் சங்க மடலில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர் ஒருவர்