எங்கள் பேக்கரி நாலு நாள் மூடியிருந்தது பற்றி

சேந்தமங்கலம் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கண்ணாடிக் காம்பில் நூலைக் கட்டி மாட்டிக்கொண்டு கல்லாப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே எங்கள் அப்பத்தா, போன வியாழன் விடியற்காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 91. உங்களில் பலர் வீட்டுக்கு வந்தீர்கள், பஸ் பிடித்து அடக்கத்துக்குக் கொல்லிமலைக்கே வந்தவர்களும் உண்டு. மறக்க மாட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையைப் பூட்டிவிட்டு ராத்திரியில் பின்பக்கம் அடுப்பைப் பற்றவைத்து ஏதோ வெளியூர் ஆர்டருக்கு வேலை பார்த்தோம், உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டோம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அடுப்பு எரிந்தது உண்மைதான். வியாழன் ராத்திரி 11 மணிக்கு மேல் 400 பன் போட்டோம், மறுநாள் துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு டீயோடு கொடுக்க. மாஸ்டர் அழுதுகொண்டே மாவு பிசைந்ததில் உப்புப் போடவே மறந்துவிட்டார், சாப்பிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பன்கூடக் காசுக்குப் போகவில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டலாமா என்று கேட்டவர்களுக்கு: எங்கள் பாப்டிஸ்ட் சபையில் அந்தத் தீட்டுக் கணக்கெல்லாம் கிடையாது.

நாலு நாள் எதற்கு என்றால், அப்பத்தா கொல்லிமலையில் பிறந்து, அங்கே ஓடையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். அந்த மலையில் ஊழியம் செய்த மிஷனரி ஈவ்லின் பிராண்ட் அம்மா தள்ளாத வயதிலும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனதைப் பார்த்தவர். அந்த அம்மா 1974இல் இறந்தபோது, 1929இல் காய்ச்சலில் போன கணவர் பக்கத்திலேயே மலையில் அடக்கம் செய்தார்கள். "என்னையும் அப்பாரு (எங்கள் தாத்தா) பக்கத்துலயே வெச்சிருங்க" என்று அப்பத்தா அதைச் சொல்லித்தான் கேட்பார். வேலூர், பெங்களூரு சொந்தமெல்லாம் வந்து சேர்ந்து, 70 கொண்டை ஊசி வளைவும் வண்டி ஊர்ந்து ஏறி, போதகர் ஜெபித்து, ஆளுக்கொரு பிடி மண் போட்டு முடிக்கும்போது வெள்ளிக்கிழமை இருட்டிவிட்டது. ஞாயிறு அங்கேயே ஆறுதல் ஆராதனை. மேலே சிக்னல் சரியாக இல்லை, வேண்டுமென்றே போனை எடுக்காமல் இருக்கவில்லை. ஆனால் கதவில் ஒரு சீட்டாவது ஒட்டியிருக்கலாம், அது எங்கள் தப்பு.

சனிக்கிழமை பிறந்தநாள் கேக்குக்கு முன்பணம் கொடுத்திருந்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பாப்பா இட்லியில் மெழுகுவர்த்தி குத்தி ஊதியதாகக் கேள்விப்பட்டு மனசே சரியில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அதே கேக் எங்கள் செலவில் இந்த வாரம் வீட்டுக்கு வரும்.

அப்பத்தாவின் நாற்காலியை எடுக்கவில்லை. கால் வலிக்கிறவர்கள் தாராளமாக உட்காருங்கள்.

அப்புறம், பஃப்ஸ் இனி 25 ரூபாய்.

இப்படிக்கு,
உங்கள் பேக்கரிக்காரன்