இரண்டு திரைக்கு ஒரு கார்டு

மண்டபம்
ஜூன் 22

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மதினி கைப்பிடி இல்லாமலே மாடிப்படி ஏறுகிறார் என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. கச்சான் காற்று கடைக்குள் மணலை வாரி இறைக்கிறது.

மெய்ப்புத் திருத்த இரண்டு திரை வேண்டும், அதற்குத் திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீர வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. முதலில் உன் கணினியின் பின்பக்கத்தைப் பார். மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையிலேயே எச்டிஎம்ஐ, விஜிஏ, டிஸ்ப்ளேபோர்ட் எனத் திரையின் கேபிளை மாட்டும் வாய்கள் இரண்டு மூன்று இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். 2012-இல் வந்த இன்டெல் ஐவி பிரிட்ஜ் பிராசசர் சில்லுகளே மூன்று திரை வரை தாங்கின. எழுத்தைப் படிக்கிறவனுக்கு விளையாட்டுக்காரனின் கார்டு எதற்கு? ஆனால் இன்டெல் சில்லின் எண் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் வசதி இருக்காது. அப்போது மட்டும் இரண்டு வாய் உள்ள சின்ன கார்டு ஒன்று வாங்கு. வாங்கினால் இரண்டு திரையையும் அந்தக் கார்டிலேயே மாட்டு. கார்டு ஏறியதும் பல மதர்போர்டுகள் தம்முடைய வாயை மூடிக்கொள்ளும். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் போய்த்தான் திறக்க வேண்டும்.

நம் அச்சக நாட்கள் நினைவிருக்கிறதா? இரண்டு திரைக்கு இரண்டு கார்டு மாட்டிக்கொண்டிருந்தோம். 1999-இல் மேட்ராக்ஸ் நிறுவனத்தின் ஜி400 ‘டூயல்ஹெட்’ என்று ஒரே கார்டில் இரண்டு வாய் வைத்தது. மறு ஆண்டே என்விடியா நிறுவனம், ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் கார்டில் அதே வசதியாக ‘ட்வின்வியூ’வைக் கொண்டுவந்தது, ஏடிஐ நிறுவனத்தின் ‘ஹைட்ராவிஷன்’ அதன்பின் வந்தது. விலையில் என்விடியா நம் கைக்கு எட்டியது என்றாலும், எழுத்தின் கூர்மைக்கு மேட்ராக்ஸ்தான் என்று இன்றும் சொல்வேன். ஒரே கார்டில் மாட்டிய இரண்டு திரையையும் விண்டோஸ் 2000 ஒரே அகலத் திரையாக எண்ணிக்கொண்டதால், ‘சேமிக்கவா?’ என்று கேட்கும் பெட்டி பாதி இங்கும் பாதி அங்குமாகப் பிளந்து நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

கார்டு இல்லாமல், யுஎஸ்பியில் மாட்டித் திரையை இணைக்கும் டிஸ்ப்ளேலிங்க் வகை மாற்றி ஒன்றும் இருக்கிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை கணினியின் தலையில் விழும். எழுத்துக்குப் பரவாயில்லை, வீடியோ தடுமாறும். வேறு வழி இல்லாத மடிக்கணினிக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

என் கடைச் செய்தி ஒன்று. போன வாரம் கல்யாணப் பத்திரிகை வேலைக்கு நடுவில் இடது திரை மஞ்சளடித்தது. கார்டு போய்விட்டதென்றே பயந்தேன். விஜிஏ கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், பதினைந்து ஊசிகளில் நீலத்துக்கான ஊசி மட்டும் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக்காற்றின் வேலை. பழைய கேபிளைத் தூக்கிப் போட்டு எச்டிஎம்ஐக்கு மாறினேன். படம் பளிச்சென்று வந்துவிட்டது. உன் பழைய திரையில் விஜிஏ மட்டும்தான் என்றால், எச்டிஎம்ஐயிலிருந்து அதற்கு மாற்ற வெறும் கேபிள் உதவாது. உள்ளே சில்லு வைத்த மாற்றி வேண்டும். என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.

கணினியின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, மதினியை அழைத்துக்கொண்டு ராமேஸ்வரம் வா. திரும்பும்போது மண்டபத்தில் இறங்கினால் மாற்றியைக் கையோடு தந்துவிடுகிறேன். நகரை மீன் குழம்பும் இருக்கும்.

அன்புடன்,
உன் பங்காளி