புரோகிராமைப் பார்த்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தின் ஆரம்பகாலம் பற்றிக் கடந்த வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த நாட்களில் கேள்விமுறை இல்லாமல் எல்லோரும் எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. பாதிதான் சரி.

1980 வாக்கில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய யூஸ்நெட் என்ற கணினிவழிச் செய்திப் பலகையில் அரட்டைக்குத் தடை இருக்கவில்லை. ஆனால் புரோகிராம்களுக்கென்று ஒதுக்கிய சில பிரிவுகளில் எழுதியவர் தாமாக எதையும் போட்டுவிட முடியாது. பொறுப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். எண்பதுகளின் பிற்பகுதியில், யுனிக்ஸ் இயங்குதளத்துக்கான புரோகிராம்கள் வந்த 'கொம்ப்.சோர்சஸ்.யுனிக்ஸ்' பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ரிச் சால்ஸ். பொதியை அவிழ்த்து, விளக்கக் குறிப்பும் கையேட்டுப் பக்கமும் இருக்கின்றனவா என்று பார்த்து, பெரியதைத் துண்டுகளாக்கி, தொகுதியும் இலக்கமும் இட்டு அனுப்புவது அவர் வேலை. 1988இல் லாரி வோலின் பேர்ல் என்ற நிரல்மொழி 13ஆம் தொகுதியில் பத்துத் துண்டுகளாக இப்படித்தான் வந்தது. செய்திகள் தொலைபேசி இணைப்பில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போன காலம் அது. நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் எதைத் திரும்பக் கேட்பது என்று இலக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சம்பளமில்லாத வேலை, அதனால் தாமதமும் முணுமுணுப்பும் தாராளமாக இருந்தன.

ஐ.பி.எம். பீ.சீ. புரோகிராம்களுக்கான பிரிவை ராகுல் தேசி பார்த்துக்கொண்டார். அங்கே வந்தவை நேராக இயங்கும் கோப்புகள். யுனிக்ஸ் பிரிவில் வந்தது மூலநிரல், அதாவது புரோகிராமை எழுதியவரின் வரிகள்; அதைப்போல இவற்றை வாசித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வழியில்லை. 1986இலேயே லாகூரில் பிறந்த 'பிரெய்ன்' வைரஸ் பிளொப்பி வழியே ஊர் ஊராகப் பரவத் தொடங்கியிருந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் எங்கள் மலையகப் பாடசாலைகள்தான். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பாமினி எழுத்துருவிலிருந்து கடந்தகால வினாத்தாள் செயலி வரை எல்லாம் பென் டிரைவிலும் வட்ஸ்அப்பிலுமே கைமாறுகின்றன. யார் செய்தது, எந்தப் பதிப்பு என்று கேட்டால் "சேர் ஒருத்தர் அனுப்பினார்" என்பதுதான் பதில். எந்த சேர்? பென் டிரைவைச் சொருகினால் வைரஸால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கின்றன. தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் இப்படி ஆனால், வினாத்தாளைத் தட்டச்சு செய்து அதில் வைத்திருந்த ஆசிரியையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கல்வி வலயத்திலும் இரண்டு மூன்று ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப) ஆசிரியர்கள் போதும். வருவதைத் தனிக் கணினி ஒன்றில் போட்டுப் பார்த்து, செய்தவர் பெயர், பதிப்பு, எடுத்த இடம், எந்த விண்டோஸில் இயங்கியது என்று குறித்து அனுப்பட்டும். சும்மா செய்யச் சொல்லவில்லை, வாரத்தில் சில பாடவேளைகளைக் குறைத்துக் கொடுக்கலாம். அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை உங்கள் மாணவர் பக்கத்தில் வெளியிடுவீர்களா?

வாசகர் ஒருவர்,
கொட்டகலை