பிம்லிகோவில் யார் வெளிநாட்டவர்?

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் பழைய படங்களைத் தேர்ந்து திரையிடுபவர்களுக்கு,

வணக்கம். லண்டனின் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த பழைய நகைச்சுவைப் படங்கள் என்றால் எனக்கு உயிர். அலெக் கின்னஸ் ஒரே படத்தில் எட்டு வேடம் கட்டியதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆகவே எதையும் தடை செய்யவோ வெட்டவோ கேட்டு இதை எழுதவில்லை.

'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'வையே எடுத்துக்கொள்வோம். லண்டனின் பிம்லிகோ பகுதியில், போரில் வெடிக்காமல் கிடந்த குண்டு வெடிக்கிறது, புதையலோடு பழைய சாசனம் ஒன்றும் கிடைக்கிறது, அதன்படி அந்தத் தெரு, இன்று பிரான்சில் இருக்கும் பழைய பர்கண்டி நாட்டுக்குச் சொந்தம். கடைக்காரரும் மீன் விற்பவரும் ஒரே நாளில் வெளிநாட்டவர் ஆகிவிடுகிறார்கள். அப்புறம் எல்லை, சுங்கம், சுரங்க ரயிலை நிறுத்தி பாஸ்போர்ட் சோதனை என்று ஒரே கூத்து.

இதைப் படமாக்கியது 1948 கோடையில், லண்டனின் லாம்பெத் பகுதியில், குண்டு விழுந்த ஒரு காலி மனையில். அதே ஆண்டு ஜூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் லண்டனுக்கு அருகே டில்பரி துறைமுகத்தில் கரீபியத் தீவுகளின் மக்களை இறக்கியது. தங்க இடமில்லாத இருநூறுக்கும் மேற்பட்டோரை கிளாப்பம் சவுத் நிலவறையில் படுக்க வைத்தார்கள். படப்பிடிப்பு நடந்த இடத்திலிருந்து சில மைல்தான். பலர் பிறகு குடியேறிய பிரிக்ஸ்டனும் லாம்பெத்தைச் சேர்ந்ததே. அவர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள், ஆனால் தெருவில் வெளிநாட்டவர். படத்தின் கதை அப்படியே தலைகீழாக!

கதையை முன்பே எழுதியிருப்பார்கள், அந்த ஒரு படத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1955இல் வந்த 'தி லேடிகில்லர்ஸ்' உட்பட, அதுவரை எந்த ஈலிங் நகைச்சுவையிலும் ஒரு கறுப்பினத்தவருக்கு நினைவில் நிற்கும் வேடம் கிடைக்கவில்லை. ஆளே கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. பெர்முடாவில் பிறந்த ஏர்ல் கேமரனை 1951இல் 'பூல் ஆஃப் லண்டன்' படத்தில் முக்கியப் பாத்திரத்தில் நடிக்கவைத்தது இதே ஈலிங்தான். அது குற்றக் கதை. கவலைப்படலாம், காதலித்து ஏங்கலாம், நம்மைச் சிரிக்க வைக்க மட்டும் அவருக்கு இடமில்லை.

இந்தியர்களுக்கு வேறு விதமான கவனிப்பு. 1960இல் 'தி மில்லியனரஸ்'. பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் எகிப்திய டாக்டர், படத்தில் இந்தியர் ஆனார், பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு நடித்தவர் பீட்டர் செல்லர்ஸ். அவரும் சோஃபியா லோரனும் பாடிய 'குட்னஸ் கிரேஷஸ் மீ' பாட்டு பெரிய ஹிட். லண்டனில் வேலைக்குச் சேர்ந்த என் மாமாவைப் பார்த்தால் கூட வேலை செய்தவர்கள் அதைத்தான் பாடுவார்களாம். மாமா மதுரைக்காரர். அந்தப் பட டாக்டர் மாதிரி இங்கிலீஷ் பேசும் ஒருவரை அவர் செல்லர்ஸைத் தவிர எங்கும் பார்த்ததில்லை.

படத்துக்கு முன்னால் 'அக்காலத்து மனப்போக்கைக் காட்டுவது' என்று ஒரு வரி போடும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. எனக்கு அது போதவில்லை. டில்பரியில் இறங்கியவர்களும் அக்காலத்து மனிதர்கள்தானே?

சவுத்பேங்கில் உள்ள உங்கள் திரையரங்கில் ஒரே மாலையில் பிம்லிகோவையும் 'பூல் ஆஃப் லண்டனை'யும் அடுத்தடுத்துப் போடுங்கள். நடுவில் 1948இன் லாம்பெத்தைப் பற்றி யாராவது பத்து நிமிடம் பேசட்டும். செல்லர்ஸ் படத்துக்கு முன்னுரை சொல்ல, அந்தப் பாட்டின் பெயரையே தங்கள் பிபிசி நகைச்சுவைத் தொடருக்கு வைத்து 1998இல் தொலைக்காட்சியில் அந்தக் கேலியைத் திருப்பிக் கொடுத்த மீரா சயாலையோ சஞ்சீவ் பாஸ்கரையோ கூப்பிடுங்கள். சரி என்றால் தேதியைச் சொல்லுங்கள், மாமாவுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஈலிங் ரசிகன் ஒருவன்